பேக்லாஷைக் கொன்றால் பல் சாகும்

மறுபடியும் ஒரு பழைய கார் பட்டறைக்கு வந்து நிற்கிறது. கிளட்சை விடும்போதெல்லாம் பின்னால் ‘டக்’ என்று கேட்டதாம். அதை நிறுத்த யாரோ, பின் ஆக்சிலில் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலை, அதை ஓட்டும் சிறிய பற்சக்கரமான பினியனோடு நெருக்கி வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு ஸ்பானரில் குழாயை மாட்டிப் பினியன் நட்டையும் இறுக்கியிருக்கிறார்கள். ‘டக்’ போகவில்லை. கூடவே காதைக் குடையும் ஊளை ஒன்றும் சேர்ந்துகொண்டது. மூடியைக் கழற்றினால் எண்ணெயில் உலோகப் பொடி மினுங்குகிறது. இந்த மாடலுக்குக் கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகக் கிடைப்பது அரிது என்பதை உரிமையாளரிடம் சொல்லவே சங்கடமாக இருந்தது.

பேக்லாஷ் ஒரு நோய் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. அது இரண்டு பற்சக்கரங்களின் பற்களுக்கு நடுவே வேண்டுமென்றே விடப்படும் இடைவெளி. எண்ணெய்ப் படலம் நிற்கவும், சூட்டில் உலோகம் விரியவும் இடம் வேண்டாமா? பெரும்பாலான கார்களுக்கு இது 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்கும். சரியான அளவு அந்தக் காரின் கையேட்டில் உண்டு.

நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிரவுன் வீலின் விட்டம் 200 மி.மீ., விகிதம் 4:1, பேக்லாஷ் 0.15 மி.மீ. என்று வையுங்கள். அந்த இடைவெளியால் பினியன் திரும்புவது பாகையில் மூன்றில் ஒரு பங்குதான். பினியனின் வெளிமுனையில் டிரைவ் ஷாஃப்டை இணைக்கும் தட்டான ஃபிளாஞ்சின் ஆரம் 40 மி.மீ. என்றால், அதன் விளிம்பு நகர்வது கால் மில்லிமீட்டர். கையால் ஆட்டும்போது உங்கள் ஃபிளாஞ்ச் 5 மி.மீ. ஓடுகிறதே, மீதி எங்கிருந்து வருகிறது? இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களின் பின்னால் நிற்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கும். அவற்றைத் தாங்கும் குறுக்குத் தண்டில் பள்ளம் விழுந்திருக்கும். சக்கரத்துக்குப் போகும் தண்டான ஹாஃப் ஷாஃப்டின் ஸ்பிளைன், அதாவது அதன் முனையில் வெட்டிய பல்வரிசை, தளர்ந்திருக்கும். சில கார்களில் ஹப்பைத் தண்டோடு பூட்டும் சாவித் துண்டே ஆடும். டிரைவ் ஷாஃப்டின் வளையும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட்டைச் சொல்லவே வேண்டாம். இத்தனையையும் விட்டுவிட்டு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கிரவுன் வீலை ஏன் நெருக்குகிறீர்கள்?

ஓடித் தேய்ந்த ஜோடி இன்னும் நுட்பமானது. அந்தப் பல்லில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். பளபளப்பான பகுதி முடியும் இடத்தில் நகம் லேசாகத் தட்டும். இரண்டு பற்களும் ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று உரசி உண்டாக்கிக்கொண்ட படுகை அது. கையேட்டு அளவுக்குக் கொண்டுவருகிறேன் என்று அதை நகர்த்தினால், பல் அந்த விளிம்பின் மேல் ஏறி ஓடும். ஊளை அங்கிருந்துதான் வருகிறது. அதனால் கழற்றுவதற்கு முன்பே டயல் கேஜை வைத்துப் பேக்லாஷை அளந்து எழுதுங்கள். பற்களில் மார்க்கிங் மையைத் தடவிச் சுற்றி, பதிவைப் படமெடுத்து வையுங்கள். பேரிங் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் ஜோடி பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும், அளவு கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் சரி. புது ஜோடி போடும்போதுதான் கையேட்டு எண் வேதவாக்கு.

மைப்பதிவைப் பற்றிச் சுருக்கமாக: பினியன் ஆழமாகப் போனால் பதிவு பல்லின் அடியில் விழும், வெளியே நின்றால் தலையில் விழும். பேக்லாஷைக் கூட்டினால் பதிவு பல்லின் வெளிமுனைப் பக்கமும், குறைத்தால் உள்முனைப் பக்கமும் நகரும். முதலில் பினியன் ஆழம், பிறகு பேக்லாஷ். இந்த வரிசையை மாற்றினால் நாள் முழுக்க ஷிம்களோடு, அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளோடு, மல்லுக்கட்டலாம்.

பினியன் நட்டுக்கு வருகிறேன். அந்த நட்டு ஆட்டத்தைப் போக்க வைத்ததல்ல. பேரிங்குகள் ஆடாமல் இருக்க முன்கூட்டியே லேசாக அழுத்தி வைப்பது, அதாவது முன்னழுத்தம் தருவது. நட்டை இறுக்க இறுக்க நசுங்கி முன்னழுத்தத்தை அமைக்கும் ஸ்லீவ் (குழல்) உள்ள ஆக்சிலில் ஒரு தடவை கூடுதலாக இறுக்கிவிட்டால் முடிந்தது கதை. நட்டைத் தளர்த்தினால் ஸ்லீவ் நீளாது. புதிதுதான் போட வேண்டும். கொஞ்சம் இறுக்கி, கையால் சுற்றிப் பார்த்து, சுற்றத் தேவைப்படும் விசையை அளந்து, மறுபடி கொஞ்சம் என்று போகப் பொறுமை வேண்டும். சிறிய டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஃபிளாஞ்சில் நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்து அளக்கலாம். பழைய மெக்கானிக்குகள் அப்படித்தான் அளந்தார்கள். புது பேரிங்குக்கும் ஓடிய பேரிங்குக்கும் அளவு வேறு என்பதை மறக்க வேண்டாம்.

பேரிங் மூடிகளைக் கழற்றுமுன் இடம் வலம் என்று பஞ்ச் குறி போடுங்கள். அவை ஹௌசிங்கோடு சேர்த்துக் குடையப்பட்டவை; மாற்றிப் பூட்டினால் பேரிங் கோணலாக உட்காரும். பழைய பிரேக் டிரம்மில் சேர்ந்த தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கிக்கொண்டு கியர் போட்டுச் சோதிக்கவே கூடாது. தரையில் நிற்கும் சக்கரம் காரை இழுத்துக்கொண்டு போய்விடக்கூடும். சீல் கசிகிறதா? புது சீல் வாங்குவதற்கு முன் ஆக்சிலின் மேலிருக்கும் மூச்சுத் துளையைப் பாருங்கள். அது மண்ணால் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் பிரேக் வரைக்கும் போகும்.

எண்ணெய் விஷயத்தில் தயவுசெய்து கேளுங்கள். ஹைப்பாய்டு என்பது பினியன் கிரவுன் வீலின் மையத்திலிருந்து விலகி நிற்கும் அமைப்பு; அதன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடுபவை. அவற்றுக்கு உரிய, கடும் அழுத்தம் தாங்கும் ஈ.பி. எண்ணெய் இல்லாவிட்டால் சீக்கிரமே கீறிக்கொள்ளும். ஆனால் எல்லாப் பழைய ஆக்சிலும் ஹைப்பாய்டு அல்ல. பெஜோ 404 போன்றவற்றில் இருப்பது திருகு போன்ற தண்டு சக்கரத்தைச் சுழற்றும் வார்ம் டிரைவ். அதன் சக்கரம் வெண்கலம். கந்தகச் சேர்மம் மிகுந்த எண்ணெய் வெண்கலத்தை அரிக்கக்கூடும். அலமாரியில் இருப்பதை ஊற்றாமல், தயாரிப்பாளர் சொன்ன வகையைத் தேடி ஊற்றுங்கள். மரத்தூளைக் கலந்து சத்தத்தை அமுக்கி விற்கும் பழைய தந்திரம் இன்னும் சாகவில்லை. வாங்கப்போகும் காரில் நிரப்பும் துளையைத் திறந்து, விரலை விட்டு எண்ணெயைத் தேய்த்துப் பாருங்கள்.