ஒழுங்குபடுத்தாமல் கொடுங்கள்

காலமான பேராசிரியர் ஒருவரின் கடிதங்களை அவருடைய மகள் எங்கள் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். உறைகளையெல்லாம் எறிந்துவிட்டு, கடிதங்களை மட்டும் எழுதியவர் பெயர்வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளுக்குள் செருகியிருந்தார். பல நாள் உழைப்பு. அப்பாவின் மேலிருந்த அன்பு அதில் தெரிந்தது. ஆனால் அக்கடிதங்களில் பாதிக்குமேல் தேதி இல்லை. நண்பருக்கு எழுதுகிறவர்கள் ‘செவ்வாய் இரவு’ என்று மட்டும் போட்டுவிட்டுத் தொடங்கிவிடுவார்கள். ஆண்டையும் ஊரையும் சொல்லியிருக்கக்கூடியது உறைமேல் இருந்த தபால் முத்திரைதான். எது எதற்குப் பதில் என்பதை இனி உறுதியாகச் சொல்ல வழியில்லை. அதை அவரிடம் சொல்ல நேர்ந்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

ஆய்வாளர்களின் குடும்பங்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றே: கொடுப்பதற்கு முன் அடுக்காதீர்கள். ஒருவருடைய ஆவணங்களை மற்றவருடையவற்றோடு கலக்கக் கூடாது என்று 1841இலேயே பிரான்ஸ் அரசு விதித்தது. ஆவணங்கள் வந்த வரிசையை மதிக்க வேண்டும் என்பதை 1898இல் மூன்று நெதர்லாந்து ஆவணக்காப்பாளர்கள் கையேடாகவே எழுதினார்கள். இது சம்பிரதாயம் அல்ல. ஒரு நூலின் மூன்றாம் வரைவுக்குள் ஒரு செய்தித்தாள் துண்டு செருகியிருந்தால், அந்த இயலை எழுதும்போது அவர் கண்முன் என்ன இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. தனியே எடுத்து ‘செய்தித் துண்டுகள்’ என்ற கோப்பில் போட்டால் அந்தச் சாட்சியம் போய்விடுகிறது.

‘இதெல்லாம் வெறும் கசங்கல்’ என்று சொல்பவர்களிடம் நான் கெய்ரோவைப் பற்றிப் பேசுவேன். இறைவன் பெயர் எழுதிய தாளை எறியலாகாது என்ற வழக்கத்தால், அங்கிருந்த யூதத் தொழுகைக்கூடம் ஒன்றின் அறையில் பழந்தாள்கள் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்துகொண்டே இருந்தன. அவற்றில் பெரும்பகுதியை 1897இல் யூத சமய அறிஞர் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசேர்த்தார். ஏறத்தாழ 1,93,000 துண்டுகள்! சமய நூல்களோடு கடைக்கணக்கு, திருமண ஒப்பந்தம், சிறுவர்கள் எழுத்துப் பழகிய தாள் எல்லாம் கலந்து கிடந்தன. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் வாழ்க்கையை இன்று நாம் அறிவது அத்தகைய கடிதங்களாலும் கணக்குகளாலும்தான். அடுக்கி வைக்க வந்த ஒருவர் ‘தேவையற்றவை’ என்று எத்தனையைக் கழித்திருப்பார்!

தாளைக் காப்பதாக நினைத்துச் செய்யும் சில வேலைகளும் கேட்டையே தருகின்றன. கிழிசலில் ஒட்டிய செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். எழுத்தும் அதோடு போகும். லேமினேஷன் அதைவிடக் கொடியது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்கப் பெரும்பாலும் முடிவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் செய்த தாள்களுக்குள்ளேயே அமிலம் இருக்கிறது. ஒரு கோப்பைத் திறந்தபோது, பழைய செய்தித் துண்டின் உருவம் அடுத்த பக்கக் கையெழுத்தின்மேல் காப்பி நிறத்தில் அச்சாகப் பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கிடையே அமிலமற்ற தாள் வைப்பதும், துருப்பிடித்த குண்டூசியைத் தாள் கிழியாமல் எடுப்பதும் எங்கள் வேலை. அதை எங்களிடமே விட்டுவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அலமாரியும் மேசையும் இருந்தபடியே படம் எடுங்கள். எந்தத் தட்டிலிருந்து எந்தப் பெட்டிக்குப் போனது என்று பெட்டிமேல் பென்சிலால் எழுதுங்கள். ஈரமோ பூஞ்சையோ பட்டவற்றைத் தனியே வைத்து உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள். பழைய கணினியையும் வன்தட்டையும் அழித்துவிடாதீர்கள். கடைசி இருபது ஆண்டுக் கடிதங்கள் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.

குடும்பத்துக்கு மட்டுமே உரிய கடிதங்கள் இருந்தால் அவற்றைக் கிழிக்கவும் வேண்டாம். இத்தனை ஆண்டுகளுக்கு யாருக்கும் காட்டக் கூடாது என்று கொடை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். அந்தக் கெடு முடியும்வரை பெட்டி முத்திரையிட்டபடி இருக்கும்.