‘எலும்பு தேய்மானம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு நோய்கள்

முட்டி வலியோடு வருகிறவரும் “எலும்பு தேய்மானம்” என்கிறார். லேசாகத் தடுக்கி விழுந்ததற்கே இடுப்பெலும்பு முறிந்து வருகிறவரின் வீட்டாரும் அதையே சொல்கிறார்கள். இரண்டும் வேறு நோய். முட்டியில் முதலில் தேய்வது எலும்பு அல்ல, எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. இரண்டாமவருக்கு எதுவுமே தேயவில்லை. எலும்பின் அடர்த்தி குறைந்து உள்ளே புரையோடியிருக்கிறது. அதன் பெயர் எலும்புப்புரை. பெயர் குழம்பும்போது சிகிச்சையும் குழம்பிப்போகிறது. முட்டி தேய்ந்தவர் வருடக்கணக்கில் கால்சியம் மாத்திரையை மட்டும் நம்பியிருக்கிறார். எலும்புப்புரை உள்ளவரோ வலி இல்லாததால் பரிசோதனைக்கே வருவதில்லை.

குருத்தெலும்பு என்ற சொல்லைக் கேட்டால் இன்னும் முற்றாத எலும்பு என்றுதான் தோன்றும். அதில் பாதி நியாயம் உண்டு. கருவில் கை கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாக உருவாகி, பிறகே எலும்பாகின்றன. ஆனால் மூட்டைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு கடைசிவரை குருத்தெலும்பாகவே இருந்து வேலை செய்ய வேண்டியது.

எலும்பு, குருத்தெலும்பு இரண்டுமே இணைப்புத் திசுக்கள்தான். அதாவது செல்கள் கொஞ்சம், செல்களைச் சுற்றியுள்ள பொருள் அதிகம். வித்தியாசம் அந்தப் பொருளில் இருக்கிறது. எலும்பில் கொலாஜன் என்ற புரத நார்களின் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிகமாகப் படிந்திருக்கின்றன. ஒரு சிறிய எலும்பைச் சில நாட்கள் வினிகரில் ஊறவைத்தால் தாது கரைந்து, எலும்பு ரப்பர்போல் வளையும். அதையே நெருப்பில் சுட்டால் கொலாஜன் எரிந்துபோய், தொட்டாலே நொறுங்கும். கடினம் தாதுவால் வருகிறது, உடையாமல் தாங்கும் வலு நாரால் வருகிறது.

குருத்தெலும்பில் பெரும்பங்கு தண்ணீர்: எடையில் 65 முதல் 80 சதவீதம். வேறொரு வகைக் கொலாஜன் வலைபோல் பின்னியிருக்க, அந்த வலைக்குள் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் பெரிய மூலக்கூறுகள் சிக்கியிருக்கின்றன. காலை ஊன்றும்போது தண்ணீர் பிதுங்கி வெளியேறும். தூக்கும்போது திரும்ப ஊறும். முட்டியில் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள இந்தப் படலம் உடல் எடையைத் தாங்குவது இப்படித்தான்.

நோயாளிக்கு இதைவிட முக்கியமான வித்தியாசம் ரத்தம். அடர்ந்த எலும்புக்குள் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன, அவற்றில் ரத்த நாளங்கள் இருக்கின்றன. எலும்புச் செல்கள் மயிரிழைக் கால்வாய்களால் அந்த நாளங்களோடு இணைந்திருக்கின்றன. அதனால் எலும்பு ஓயாமல் தன்னைப் புதுப்பிக்கிறது: ஒரு வகைச் செல் பழையதை அரிக்கும், இன்னொரு வகை புதியதைக் கட்டும். பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் இப்படி மாறுகிறது. முறிந்தால் அந்த இடத்தில் ரத்தம் கட்டும், இரண்டு மூன்று வாரத்தில் மென்மையான இணைப்புத் திசு உருவாகும், பிறகு அது கெட்டிப்படும். பெரும்பாலான முறிவுகள் 6 முதல் 12 வாரத்தில் கூடிவிடும். தொடை, முழங்கால் கீழ் எலும்புகளுக்கு இன்னும் நாளாகும். புகைப்பவர்களுக்கு முறிந்த எலும்பு தாமதமாகக் கூடுவதற்கு ரத்த ஓட்டம் குறைவதும் ஒரு காரணம்.

மூட்டுக் குருத்தெலும்பில் ரத்த நாளமும் இல்லை, நரம்பும் இல்லை. அதற்கு உணவு மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும். நரம்பு இல்லாததால் தேய்வு தொடங்கும்போது அது வலியாகத் தெரியாது. பிறகு வரும் வலி கீழேயுள்ள எலும்பிலிருந்தும் மூட்டைச் சூழ்ந்த சவ்விலிருந்தும் வருவது. ரத்தம் இல்லாததால் ஆழமான காயம் தானாக ஆறுவதில்லை. 1743-லேயே வில்லியம் ஹண்டர் என்ற உடற்கூறியலாளர் இதை எழுதிவிட்டார். இன்றும் முழுத் தீர்வு இல்லை. அடியிலுள்ள எலும்பில் நுண்துளை போட்டு மஜ்ஜையை மேலே கசியவிடும் அறுவை சிகிச்சை உண்டு. அதில் பெரும்பாலும் நார் மிகுந்த குருத்தெலும்பே வளர்கிறது. பழைய வழுவழுப்பும் உழைப்பும் அதற்குக் கிடையாது.

“தேய்ந்துவிட்டது, இனி நடக்கவே கூடாது” என்று உட்கார்ந்துவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வந்தால்தான் குருத்தெலும்புக்கு உணவு போகும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை மெதுவாக நேராக நீட்டி, 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, நாளுக்கு இரண்டு வேளை. தொடையின் முன்தசை பலப்பட்டால் மூட்டின் மேல் விழும் அதிர்ச்சி குறையும். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடையின் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. மூட்டு சிவந்து வீங்கியிருந்தால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான் பார்க்கிறோம். படுக்கவைத்து எடுத்தால் தேய்ந்த மூட்டிலும் இடைவெளி அகலமாகத் தெரியலாம். ஆகவே முட்டி எக்ஸ்ரேயை நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள்.

காது, மூக்குக் குருத்தெலும்புகளுக்கு மேலே ஒரு உறை உண்டு. ரத்தம் அந்த உறையில்தான் ஓடுகிறது. அடிபட்டு உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் கட்டினால் உணவு அறுந்து குருத்தெலும்பு செத்துப்போகும். மூக்கில் அடிபட்ட குழந்தைக்கு மூக்கு அடைத்துக்கொண்டு, நடுச்சுவர் மெத்தென்று உப்பியிருந்தால் ஐஸ் வைத்துக் காத்திருக்க வேண்டாம், அன்றே ரத்தத்தை வெளியேற்ற வேண்டும். விட்டால் சீழ் பிடிக்கும், மூக்கின் மேடு உள்வாங்கும். காது மடலின் மேற்பகுதியில் துளையிட்ட இடம் வீங்கிச் சிவந்தாலும் இதே அவசரம்தான். கீழே தொங்கும் சதையில் குருத்தெலும்பு இல்லை, அதனால் அங்கே வரும் தொற்று இந்த அளவுக்கு ஆபத்தாவதில்லை.

வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. அருகிலுள்ள தசைநாரைவிட அது பலவீனமானது. பெரியவருக்குச் சுளுக்காகப் போகிற அடி, பிள்ளைக்கு அந்தத் தட்டில் முறிவாகலாம். முறிவு இருந்தும் எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாகத் தெரியலாம். எலும்பு முனையை அழுத்தினால் வலிக்கிறது என்றால் உருவிவிடாதீர்கள், கட்டுப்போட்டு மறுபடி பார்க்க வேண்டும். தட்டு சேதமானால் கை கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும்.

எலும்புப்புரைக்குத் தனிப் பரிசோதனை: எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். அதில் வரும் டி-ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்ட அளவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. 65 வயதைக் கடந்த பெண்களும், மாதவிலக்கு நின்ற பிறகு சிறு விழுதலில் எலும்பு முறிந்தவர்களும், ஸ்டீராய்டு மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இளவயதில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். முள்ளெலும்பு ஒன்று சத்தமில்லாமல் நசுங்கியிருக்கலாம்.