வீங்கிய கொடுப்போடு வருகிறவர்கள்

திங்கட்கிழமை காலையில் எங்கள் பல் சிகிச்சைப் பிரிவின் வாங்கில் இருப்பவர்களைப் பார்த்தாலே, யார் நேற்றிரவு நித்திரை கொள்ளவில்லை என்று தெரிந்துவிடும். ஒரு பக்கக் கொடுப்பு வீங்கியிருக்கும். அதைத் துவாயால் பொத்திக்கொண்டு, கிராம்பு மணக்க இருப்பார்கள். "எத்தினை நாளா நோகுது?" என்று கேட்டால் "மூண்டு நாள்" என்பார்கள். வாயைத் திறந்து பார்த்தால், மூன்று வருடமாவது இருந்திருக்கக்கூடிய சூத்தை.

நான் வன்னியில் பல் வைத்தியராக வேலை செய்கிறேன். வந்த புதிதில் "ஏன் முந்தியே வரேல்லை?" என்று ஏசியிருக்கிறேன். மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் ஏறி வந்து போனால் ஒரு நாள் கூலி போய்விடும், அது உண்மை. ஆனால் ஆறுதலாகக் கதைத்துப் பார்த்தால், அநேகம் பேர் கடைசியில் பயத்தைத்தான் சொல்வார்கள். இப்போது நான் ஏசுவதில்லை. அவர்களில் பலருக்கு முன்பு ஒருமுறை உண்மையாகவே நொந்திருக்கிறது.

"ஊசி போட்டும் விறைக்கேல்லை, அப்பிடியே பிடுங்கினவை." இதைக் கேட்காத வாரம் இல்லை. பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். விறைப்பு ஊசியில் பெரும்பாலும் இருப்பது லிக்னோகெயின் என்ற மருந்து. அது நரம்பின் சவ்வைத் தாண்டி உள்ளே போனால்தான் வேலை செய்யும். பல்லின் அடியில் சீழ் கட்டினால் அந்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும். அப்போது மருந்தின் பெரும்பகுதி சவ்வைத் தாண்ட முடியாத வடிவத்துக்கு மாறி வெளியிலேயே நின்றுவிடுகிறது. அதே ஊசிதான், ஆனால் அரைகுறையாகத்தான் விறைக்கும். ஆக, பயத்தில் தள்ளிப்போட்டு, சீழ் வைத்தபிறகு வந்து, சரியாக விறைக்காமல் நொந்து, அந்த நோவை நினைத்தே அடுத்த பல்லையும் தள்ளிப்போடுகிறார்கள். நோ இல்லாத நாளில் வந்திருந்தால் அதே ஊசி அழகாக விறைத்திருக்கும்.

இன்னொரு வகைப் பயமும் இங்கே உண்டு. ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். கதிரையைச் சரித்ததும் எழும்பிவிட்டார். "பிள்ளை, அந்த மிஷின் சத்தம் வேண்டாம், கிபிர் பதியிற மாதிரிக் கிடக்கு" என்றார். பல் குடையும் கருவி நிமிடத்துக்கு மூன்று இலட்சம் தடவைக்கு மேல் சுழல்வது, கூவத்தான் செய்யும். 2009இல் போர் முடியும் வரை, குண்டு போட வரும் கிபிர் விமானத்தின் சத்தத்துக்கு ஓடிப் பங்கருக்குள் படுத்த ஒருவரிடம் "இதெல்லாம் ஒண்டுமில்லை அம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. கதவைத் திறந்துவிட்டு, கதிரையை நிமிர்த்தி, கண்ணாடியால் மட்டும் பார்த்து அனுப்பினேன். இரண்டாம் முறை வந்தபோது மிஷினைத் தொடாமல், கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்தேன். இது மின்சாரம் இல்லாத கிராமங்களுக்காக 1980களில் தான்சானியாவில் வளர்த்தெடுக்கப்பட்ட முறை. எல்லாப் பல்லுக்கும் சரிவராது. ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் நீங்களே கேட்கலாம்.

கதிரையில் இருக்கும்போது உடம்பு காட்டும் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடிக்கலாம். மருந்து அந்த இடத்திலேயே நிற்பதற்காக அதில் கொஞ்சம் அட்ரினலினும் கலந்திருக்கும். அதன் வேலை அது. சில நிமிடத்தில் அடங்கிவிடும். இது தெரியாதவர்கள் "எனக்கு என்னவோ செய்யுது" என்று இன்னும் பதறுவார்கள், படபடப்பும் கூடும். மற்றது, நன்றாக விறைத்த பிறகும் பல்லை அசைக்கும்போது அமத்துவது தெரியும், கரகரவென்று கேட்கும். நோவை உணர்த்தும் நரம்பு இழைகள் மெல்லியவை, அவை முதலில் அடங்கும். அழுத்தத்தை உணர்த்தும் இழைகள் தடித்தவை, அவை விழித்தே இருக்கும். அமத்துகிறதா, நோகிறதா என்று வேறு பிரித்துச் சொல்லுங்கள். நோகிறது என்றால் நாங்கள் நிறுத்திவிட்டு இன்னொரு ஊசி போடலாம். கதைக்க முடியாதபோது இடக்கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று தொடங்குமுன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றோடு வராதீர்கள். தலைசுற்றி விழுகிறவர்களில் நிறையப் பேர் விரதம் மாதிரிச் சாப்பிடாமல் வந்தவர்கள்தான். பிரஷர் குளிசை, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசை எதுவானாலும் கையோடு கொண்டுவாருங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். நோகிற பல்லோடு அஸ்பிரினை அடக்கி வைத்தால் முரசுதான் வெந்துபோகும். அப்புறம், மேல்பல்லைக் கழற்றினால் கண் பார்வை போகும் என்பது சுத்தப் புளுகு.

ஒன்றை மட்டும் பயத்துக்காகக் கூடத் தள்ளிப்போடாதீர்கள். வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கி, காய்ச்சலும் வந்து, விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டமாக இருந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது மூச்சை அடைக்கக்கூடியது. வெற்றிலை போடுகிறவர்கள் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ கண்டால், நோகாவிட்டாலும் காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் அநேகமாக நோவதில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். "குழப்படி செய்தால் பல்லு டொக்டரிட்டக் கொண்டுபோய் ஊசி போடுவிப்பன்" என்று வெருட்டாதீர்கள். நீங்கள் வெருட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அந்தப் பிள்ளையின் வாயைத் திறக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடப் பல் சிகிச்சை நிலையம் பக்கத்தில் இருந்தால், பல் நோக முந்தியே ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். கதிரையில் ஏற்றி இறக்கிக் காட்டினாலே சிரித்துக்கொண்டு வரும்.

பெரியவர்களும் அப்படி வரலாம். நம்பர் துண்டு எடுக்கும்போது "இண்டைக்குப் பார்க்க மட்டும்தான் வந்தனான்" என்று சொல்லுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை.