செப்புக் கம்பி போய் ஒளியிழை வரும்போது: வன்னி வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனம் தனது பழைய செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்புகளை ஒளியிழை இணைப்புகளாக, பேச்சுவழக்கில் சொன்னால் 'பைபர் லைன்' ஆக, நாடு முழுவதும் படிப்படியாக மாற்றி வருகிறது. வன்னியில் இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அயலவர்கள் கேட்பது மூன்றே கேள்விகள்தான்: பழைய நம்பர் போய்விடுமா, கரண்ட் இல்லாவிட்டால் போன் வேலை செய்யுமா, எங்கள் ஒழுங்கைக்கு இது எப்போது வரும். முதல் கேள்விக்கு விடை எளிது. பழைய எண்ணை வைத்துக்கொண்டே ஒளியிழைக்கு மாறலாம். வவுனியாவின் 024, மன்னாரின் 023, யாழ்ப்பாணத்தோடு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பகிர்ந்துகொள்ளும் 021 ஆகிய குறியீடுகளில் எந்த மாற்றமும் இல்லை. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரு வரியில் விடை சொல்ல முடியாது.

முதலில், இது முன்னைய சமுர்த்திக் கொடுப்பனவு போலவோ வீட்டுத்திட்டம் போலவோ கிராம அலுவலரிடம் படிவம் நிரப்பிப் பெறுகின்ற உதவியல்ல. அரச திணைக்களமாக இருந்த தொலைத்தொடர்புச் சேவை 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கூட்டுத்தாபனமாகி, 1996 இல் கம்பனியாக்கப்பட்டு, 1997 இல் ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனத்துக்கு 35 சதவீதப் பங்கு விற்கப்பட்டது. அந்தப் பங்கு பின்னர் கைமாறியது. இன்று திறைசேரியிடம் 49.5 சதவீதமும் குளோபல் ரெலிகொமியூனிகேஷன்ஸ் ஹோல்டிங்ஸ் என்ற வெளிநாட்டு நிறுவனத்திடம் 44.98 சதவீதமும் இருக்கின்றன. எனவே ஒளியிழையை எந்த ஊருக்கு முதலில் கொண்டுபோவது என்பதை இலாபக் கணக்குப் பார்க்கும் ஒரு கம்பனியே தீர்மானிக்கிறது. ஆனால் அரசின் பங்கு இவ்வளவு பெரிதாக இருப்பதால் பொதுமகனுக்கு ஓர் உரிமையும் கிடைக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

செப்புக் கம்பியை ஏன் கைவிடுகிறார்கள் என்று கேட்டால், தூரந்தான் காரணம். தொலைபேசி நிலையத்திலிருந்து வீடுவரை வரும் ஒரு சோடிக் கம்பியில் ஏ.டி.எஸ்.எல். முறையில் இணையம் தரும்போது, ஏட்டளவில் விநாடிக்கு 24 மெகாபிட் வரை கிடைக்கலாம் என்றாலும், கம்பி நீள நீள வேகம் விழுந்து, ஐந்து கிலோமீற்றரை எட்டும்போது பயனுள்ளதாக எதுவும் மிஞ்சுவதில்லை. நகரத்தில் இது பெரிய குறையாகத் தெரியாது. மேட்டுக்காணிகளாகப் பிரித்துக் கொடுக்கப்பட்ட குடியேற்றத் திட்டங்களில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் வயலும் வாய்க்காலும் கிடக்கும் வன்னியில், ஐந்து கிலோமீற்றர் என்பது ஓர் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கே காணாது. அத்துடன் 2009 இல் போர் முடிந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தூண்களும் கம்பிகளும் பெரும்பாலும் அழிந்து கிடந்தன. கண்ணிவெடி அகற்றாத நிலத்தில் குழி தோண்டவும் முடியாது. அதனால்தான் மீள்குடியேறிய பல வீடுகளில் கம்பி எதுவும் இல்லாமல், மேசையில் வைத்து ஒரு சிறு அன்ரெனாவைத் தூக்கிவிடும் சி.டி.எம்.ஏ. தொலைபேசிகள் முதலில் வந்தன. செப்பு இணைப்பையே காணாத குடும்பத்திடம் செப்பிலிருந்து ஒளியிழைக்கு மாறுவதைப் பற்றிப் பேசுவதில் கொஞ்சம் வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

ஒளியிழையில் மின்சாரம் ஓடுவதில்லை, மயிரிழை போன்ற கண்ணாடி நாருக்குள் ஒளி ஓடுகிறது. தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, வீதியோரத் தூணில் உள்ள பெட்டிகளில் பிரிக்கப்பட்டுப் பல வீடுகளுக்குப் போகிறது. ஜிபொன் எனப்படும் பரவலான முறையில் அந்த ஓர் இழை விநாடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் வரை கீழிறக்கவும் அதில் பாதியளவு மேலேற்றவும் வல்லது. 20 கிலோமீற்றர் வரை இடையில் மின்சாரக் கருவி எதுவும் இல்லாமலே போகும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரையுள்ள ஏ34 வீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர் என்பதை நினைத்துப் பார்த்தால், செப்பு எட்டாத இடங்களுக்கு இது எட்டுவது விளங்கும். இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் தூண்களில் என்பதால் மரம் விழுவதும் யானை தூணைச் சாய்ப்பதும் பழையபடியே தொடரும். இடி மின்னல் காலத்தில் மட்டும் ஒரு நிம்மதி உண்டு: கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், செப்புக் கம்பி வழியாக மின்னல் வந்து மோடத்தைக் கருக்கிவிடும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

இனி மின்சாரத்துக்கு வருவோம். இதைத்தான் நிதானமாக வாசிக்கச் சொல்வேன், ஏனென்றால் இணைப்பு எடுக்கும் நாளில் இதைப் பெரும்பாலும் எவரும் எடுத்துச் சொல்வதில்லை. பழைய செப்பு இணைப்பில் தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ற் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. அங்கே பற்றரியும் ஜெனரேற்றரும் இருந்ததால், ஊரே இருளில் கிடந்தாலும் ரிசீவரைத் தூக்கினால் ஒலி கேட்டது. ஒளியிழை மின்சாரத்தைக் கொண்டுவராது. வீட்டுச் சுவரில் பொருத்தப்படும் பெட்டி வீட்டு மின்சாரத்தில்தான் இயங்குகிறது. கரண்ட் போனால் இணையமும் போகும், நிலையான தொலைபேசியும் போகும். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்ட வெள்ளத்திலும், 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கரையைத் தொட்ட இரவிலும் வன்னியில் இருந்தவர்களுக்கு, மாரி காலத்தில் தொலைபேசி எப்போது தேவைப்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டில் ஒளியிழை பொருத்துவதானால் கூடவே ஒரு சிறிய டி.சி. யூ.பி.எஸ்., அதாவது கரண்ட் போனதும் பெட்டிக்கு மின்சாரம் தரும் பற்றரிக் கருவி, வாங்கிவைப்பது நல்லது. வாங்கும்முன் பெட்டியின் அடப்டரில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ற் அளவைப் பார்க்க வேண்டும். பொதுவாக 12 வோல்ற் என்றிருக்கும், ஆனாலும் பார்த்தே வாங்குங்கள். பெரிய இன்வேர்ட்டர் தேவையில்லை. அந்தப் பெட்டி தின்னும் மின்சாரம் ஒரு சிறிய எல்.ஈ.டி. மின்குமிழ் அளவுதான்.

பொருத்த வருபவர் இழையை எந்த வழியாகக் கொண்டுவருகிறார் என்பதையும் கூட நின்று பார்க்க வேண்டும். செப்புக் கம்பியைப் போல மூலையில் மடித்து ஆணியால் இறுக்கினால் ஒளி கசிந்து வேகம் குறையும், சில வேளை அடியோடு நின்றும்விடும். பெட்டியில் 'பொன்' (PON) என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் இழை நல்லபடி இருக்கிறது. 'லொஸ்' (LOS) என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. எங்கள் ஒழுங்கையில் குழாய் பதிக்க வந்த பெக்கோ இயந்திரம் ஒருநாள் கையளவு ஆழத்தில் புதைந்திருந்த கேபிளைக் கிள்ளிவிட்டது. நாலு வீட்டிலும் அந்தச் சிவப்பு விளக்கு எரிய, ஒவ்வொருவரும் தத்தமது ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு எரிந்தால் அணைத்துப் போடுவதில் பயனில்லை. 1212 இலக்கத்துக்கு அழைத்து, விளக்கின் நிறத்தைச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வி, எப்போது வரும் என்பது. ஏ9, ஏ34, ஏ35 போன்ற வீதிகளை ஒட்டியிருப்பவர்களுக்கும் சந்தி நகரங்களில் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு முதலில் வரும். துணுக்காய்க்கு உள்ளேயோ முத்தையன்கட்டின் கரையிலோ நெடுங்கேணிக் காட்டோரத்திலோ இருப்பவர்களுக்கு ஒளியிழைக்குப் பதிலாக 4ஜி ரவுட்டர் தரப்படுவதே இப்போதைக்கு நடைமுறை. இரண்டும் ஒன்றல்ல. 4ஜியில் ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அந்தச் சுற்றுவட்டாரமே பகிர்ந்துகொள்கிறது, அதனால் பின்னேரம் பிள்ளைகள் வகுப்புக்கு இருக்கும் நேரத்தில் வேகம் இறங்கிவிடும். கோபுரத்தையே ஒளியிழையால் இணைத்துவிட்டால் நிலைமை வெகுவாக மாறும்; ஆகவே வீட்டுக்கு இழை வராத ஊரிலும், தங்கள் கோபுரத்துக்கு இழை வந்திருக்கிறதா என்று கேட்பது பொருளுள்ள கேள்வி. பழைய 3ஜி கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: 2022 இலிருந்து இலங்கையில் நிறுவனங்கள் 3ஜியை நிறுத்தத் தொடங்கிய பின், 4ஜி இல்லாத கைப்பேசி அத்தகைய வலையமைப்புகளில் 2ஜிக்கு இறங்கிவிடுகிறது, பேசலாம், இணையம் என்று சொல்லத்தக்க எதுவும் கிடைக்காது.

ஊர்ப்புறங்களுக்குச் செலவழிக்கப் பணம் எங்கே என்ற கேள்விக்கு ஒரு பழைய விடை உண்டு. சர்வதேச அழைப்புகளில் ரெலிகொமுக்கு இருந்த தனியுரிமை 2002 இல் முடிவுக்கு வந்ததை அடுத்து, வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள் மீது தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணம் ஒன்று 2003 முதல் அறவிடப்பட்டது. பின்தங்கிய பகுதிகளுக்கு வலையமைப்பை விரிப்பதே அதன் நோக்கம். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விசுவமடுவுக்கும் மல்லாவிக்கும் வந்த ஒவ்வொரு அழைப்பும் அந்த நிதிக்கு ஏதோ ஒரு பங்கைச் செலுத்தியிருக்கிறது. வன்னி கேட்பதை இரவலாகக் கேட்பதாக எவரும் நினைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர்ப்புறங்களுக்கு 4ஜி கொண்டுசெல்லும் 'கிராமத்துக்குத் தொடர்பாடல்' திட்டத்தை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 2021 இல் தொடங்கியது வன்னியில் அல்ல, இரத்தினபுரி மாவட்டத்தில்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, இணைப்புக் கட்டணம், பெட்டியின் உரிமை யாருடையது, மாதக் கட்டணத்தில் வரிகள் அடங்குமா, இடையில் நிறுத்தினால் என்ன கட்ட வேண்டும் ஆகிய நான்கையும் கையொப்பமிடும் முன்னர் எழுத்தில் கேளுங்கள். வற் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். தொலைத்தொடர்பு வரி அதற்குப் புறம்பானது. விளம்பரத் தொகைக்கும் பட்டியலில் வரும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் இவைதான்.

குறை தீராவிட்டால் ரெலிகொமுக்கு எழுத்தில் முறையிட்டு, அதன் பின்னர் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு 1900 என்ற இலக்கத்திலோ கடிதத்திலோ போகலாம். முன்னர் சொன்ன உரிமை இதற்கு மேலானது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனிகளையும் பகிரங்க அதிகாரசபையாகக் கொள்கிறது. ரெலிகொம் அதற்குள் அடங்கும். எனவே ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவரோ ஒரு தனி வீட்டுக்காரரோ, தங்கள் கிராம அலுவலர் பிரிவில் எத்தனை விநியோகப் பெட்டிகள் உள்ளன, எத்தனை காலியாக இருக்கின்றன, விரிவாக்கத் திட்டம் உண்டா என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வர்த்தக இரகசியம் என்று சிலவற்றை மறுக்கச் சட்டம் இடம் தருவதால், "உங்கள் முதலீட்டுத் திட்டம் என்ன" என்று பொதுவாகக் கேட்காமல், ஊரையும் வீதியையும் குறித்துச் சிறிதாகக் கேட்பதே பலன் தரும். தகவல் வழங்குவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு செய்ய வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான எழுத்துமூலச் சான்றை அங்கேயே வாங்குங்கள். நாட்கள் அந்தத் திகதியிலிருந்துதான் எண்ணப்படும்.