'ஸ்ட்ரம்மர்': பெயராக மாறிய ஒரு வசைச்சொல்லும் அதற்குரிய தமிழ்ச் சொல்லும்

தி கிளாஷ் என்ற லண்டன் இசைக்குழுவின் பாடகரும் கிதார் கலைஞரும் பாடலாசிரியருமான ஜோ ஸ்ட்ரம்மரின் பெயரில் உள்ள 'ஸ்ட்ரம்மர்' அவருடைய குடும்பப் பெயர் அன்று. 1952 ஆகஸ்டு 21 அன்று துருக்கியின் தலைநகரான அங்காராவில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஜான் கிரஹாம் மெல்லர். லக்னோவில் பிறந்த அவருடைய தந்தை பிரிட்டிஷ் வெளியுறவுப் பணியில் இருந்தவர். பணி மாறும்போதெல்லாம் குடும்பமும் நாடு மாறியது. பிள்ளை இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் வளர்ந்தார். இளமையில் நாட்டார் பாடகர் உட்டி கத்ரியின் நினைவாக 'உட்டி' என்று அழைக்கப்பட்ட அவர், 1975ஆம் ஆண்டளவில் அந்தப் பெயரையும் விட்டுவிட்டு, இனித் தம்மை ஜோ ஸ்ட்ரம்மர் என்றே அழைக்க வேண்டும் என்று நண்பர்களிடம் வற்புறுத்தினார். 'ஸ்ட்ரம்' என்ற வினையைச் செய்பவர் ஸ்ட்ரம்மர். ஆனால் தமிழில் அவரைப் பற்றி எழுதப் புகும் எவரும் 'கிதார் மீட்டுபவர்' என்று எழுதிவிட்டுக் கடந்துபோவதே வழக்கம். அது பிழை என்று நான் கருதுவதால்தான் இந்தச் சொல்லாராய்ச்சி.

ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரம்' என்ற வினை எழுத்தில் பதிவாவது 18ஆம் நூற்றாண்டில். அது ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த சொல். நம்முடைய 'சலசல', 'கலகல' போன்றவை எவ்வாறு ஓசையிலிருந்து வினையாயினவோ அவ்வாறே பல நரம்புகள் ஒருசேர அதிரும் ஓசையைப் போலி செய்து அமைந்தது. அதற்கும் முற்பட்ட 'த்ரம்' என்ற சொல் அதன் உறவு. ஆனால் கவனிக்க வேண்டியது பிறப்பைவிட அதன் பொருட்சாயல். தொடக்ககால வழக்கில் 'ஸ்ட்ரம்' செய்வது என்றால் நரம்புக் கருவியைத் தேர்ச்சியில்லாமல், அக்கறையில்லாமல் வாசிப்பது என்றே பொருள். பியானோவைத் தாறுமாறாகத் தட்டுபவரையும் அந்தச் சொல்லால் இகழ்ந்திருக்கிறார்கள். கிதார் பரவிய பிறகுதான், விரலாலோ பிளெக்ட்ரம் என்ற சிறு வில்லையாலோ எல்லாக் கம்பிகளையும் ஒரே வீச்சில் தடவி ஒலிக்கச் செய்யும் முறைக்குரிய நடுநிலையான தொழிற்சொல்லாக அது தேறியது.

ஸ்ட்ரம்மர் அந்தப் பெயரைத் தேர்ந்தபோது இந்த இகழ்ச்சியை அறிந்தே தேர்ந்தார். ஆறு கம்பிகளையும் ஒருசேர வாசிக்கத் தெரியும், இல்லையென்றால் ஒன்றையும் வாசிக்கத் தெரியாது என்பது தம் திறமையைப் பற்றி அவரே சொல்லிவந்த விளக்கம். தனிக் கம்பிகளில் சுரம் சுரமாக ஓடும் 'லீட்' வாசிப்பு தமக்கு வராது என்பதை அவர் மறைக்கவில்லை. மறைக்காததோடு அதையே பெயராகவும் சூடிக்கொண்டார். இதற்கு உடல்சார்ந்த ஒரு காரணமும் உண்டு. அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். ஆனால் வலக்கையாளருக்கான முறையிலேயே கிதார் பழகினார். எனவே நுண்மையாக இயங்கவல்ல கை, கிதாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, நுண்மை குறைந்த கை கம்பிகளின் மேல் இயங்கியது. நுண்மை குறைந்த கைக்கு இயல்பான வேலை, மேலும் கீழும் முழுவீச்சாக வீசுவதுதான்.

அவர் பழகிய இடமும் அதற்கு ஏற்றதாகவே அமைந்தது. 1970களின் தொடக்கத்தில் டைமன் டாக் என்ற வயலின் கலைஞர் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் வாசிக்க, இவர் உடன் சென்று சில்லறை திரட்டினார். பின்னர் நான்கு நரம்புகள் மட்டுமே கொண்ட உகுலேலேயைத் தாமே கையிலெடுத்தார். ரயிலின் இரைச்சலுக்கும் காலடிகளின் ஓசைக்கும் இடையே ஒற்றை நரம்பைத் தொட்டால் யாருக்கும் கேட்காது. எல்லா நரம்புகளையும் சேர்த்து அடித்தால்தான் நடந்துபோகிறவர் திரும்பிப் பார்ப்பார். 1974இல் நண்பர்களுடன், தாங்கள் குடியேறியிருந்த வால்டர்டன் சாலை 101ஆம் எண் வீட்டின் பெயரால் 'ஒன் ஓ ஒன்னர்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். மதுக்கடைகளில் வாசித்த அக்குழுவின் நிகழ்ச்சி ஒன்றில், 1976 ஏப்ரலில், முன்னதாக வாசிக்க வந்த குழு செக்ஸ் பிஸ்டல்ஸ். அதைக் கேட்டபின் தம்முடைய குழு பழையதாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. சில வாரங்களில் கிதார் கலைஞர் மிக் ஜோன்ஸும் பேஸ் கலைஞர் பால் சிமனனும் இருந்த புதிய குழுவில் சேர்ந்தார். அதுவே தி கிளாஷ். அதன் முதல் மேடை 1976 ஜூலை 4 அன்று ஷெஃபீல்டில்.

இங்கே இரண்டாவது சொல் ஒன்று குறுக்கிடுகிறது. செக்ஸ் பிஸ்டல்ஸும் தி கிளாஷும் வாசித்த இசைவகைக்குப் பெயரான 'பங்க் ராக்' என்பதில் உள்ள 'பங்க்'. தமிழ் எழுத்தில் இதற்கும் பெட்ரோல் பங்க்கிற்கும் வேறுபாடு இல்லை என்பது நம் எழுத்துமுறை செய்யும் குறும்பு. நாம் எரிபொருள் நிரப்பும் இடத்தின் பெயர் மென்மையான 'b' ஒலியில் தொடங்கும் 'bunk' என்ற ஆங்கிலச் சொல், இசைக்குரியது வன்மையான 'p' ஒலியில் தொடங்கும் 'punk' என்ற மற்றொன்று. இசையைக் குறிப்பதற்கு முன் அந்தச் சொல் நெடுங்காலம் சேற்றில் கிடந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அது விலைமகளைக் குறித்தது. அமெரிக்காவிலோ தீப்பற்றவைக்க உதவும் உளுத்த மரத்துண்டையும் அதே ஒலியுடைய சொல்லால் குறித்தனர். அங்கிருந்து ஒன்றுக்கும் உதவாதது என்ற பொருள் கிளைத்திருக்கலாம். 20ஆம் நூற்றாண்டில் அது உருப்படாத இளைஞனுக்கும் சில்லறைப் போக்கிரிக்கும் உரிய வசையாயிற்று. 1971இல் டேவ் மார்ஷ் என்ற அமெரிக்க விமர்சகர், பயிற்சி குறைந்த, உரத்த, பதின்பருவ ராக் இசையைக் குறிக்க 'கிரீம்' இதழில் அதைப் பாராட்டாகவே பயன்படுத்தினார். 1976 தொடக்கத்தில் நியூயார்க்கில் அதே பெயரில் ஓர் இதழ் வெளிவந்தபின் பெயர் நிலைத்துவிட்டது.

இதற்குத் தமிழில் 'கலக இசை' என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடு இல்லை. கலகம் என்பதில் ஒரு மிடுக்கு இருக்கிறது. பங்க் என்பதிலோ ஊரார் எறிந்த சேற்றை எடுத்துப் பூசிக்கொண்ட செயல் இருக்கிறது. பொருளளவில் நெருங்கி வரும் தமிழ்ச் சொல் 'பொறுக்கி'. ஆனால் 'பொறுக்கி ராக்' என்று எழுதத் துணிபவர் யார்? மேலும் ஓர் இயக்கத்தின் பெயராக உலகெங்கும் ஒரே வடிவில் வழங்கும் சொல்லை மாற்றுவதில் பயன் குறைவு. 'பங்க்' என்பதை அப்படியே வைத்துக்கொள்வதே தகும். விடுதிப் பள்ளியில் படித்த அரசு அலுவலர் மகன் இந்த வசைப்பெயரை அணிவது பாசாங்கு என்று அக்காலத்திலேயே அவரைக் குத்திக்காட்டியவர்கள் இருந்தார்கள். அந்தக் குற்றச்சாட்டு 'பங்க்' என்ற சொல்லுக்குப் பொருந்தலாம். 'ஸ்ட்ரம்மர்' என்பதற்குப் பொருந்தாது. அந்த வசை அவருடைய கைக்கு உண்மையிலேயே உரியது.

இனி வினைச்சொல்லுக்கு வருவோம். 'மீட்டுதல்' ஏன் போதாது? வீணையை மீட்டுகிறோம், தம்புராவை மீட்டுகிறோம். விரல் ஒரு நரம்பைத் தொட்டு இழுத்து விடுகிறது. அடுத்த நரம்பு தன் முறைக்குக் காத்திருக்கிறது. தம்புராவில் நான்கு நரம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் இதற்கு 'பிளக்' என்ற தனி வினை இருக்கிறது. அதையும் 'ஸ்ட்ரம்'மையும் ஒரே தமிழ்ச் சொல்லில் அடக்கினால், ஸ்ட்ரம்மர் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட வித்தையையே அவருக்குப் பட்டமாகக் கட்டுகிறோம்.

நரம்பைத் தொடும் கைத்தொழிலுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழைத் திருத்தும் இடத்தில், இசையோர் வகுத்த எட்டு இசைக்கரணங்களாக வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை ஆகியவை வரிசையாகச் சொல்லப்படுகின்றன. இவற்றுள் வார்தல் என்பதைச் சுட்டுவிரலின் தொழில் என்று பழைய உரை விளக்குகிறது. இந்தப் பட்டியலுக்கு வெளியே 'உளர்தல்' என்ற மற்றொரு பழஞ்சொல்லும் உண்டு. யாழ் நரம்பைத் தடவி இசைப்பதற்கும், கூந்தலை விரல்களால் ஆற்றுவதற்கும், பறவை தன் சிறகைக் கோதுவதற்கும் அதுவே வினை. ஒரே வீச்சில் பலவற்றின் ஊடாகக் கை கடந்துபோவது என்ற பொருள் அதில் தெளிவாக உள்ளது. ஆயினும் இன்று 'கிதாரை உளர்ந்தார்' என்று எழுதினால் அச்சுப் பிழை என்று எண்ணி 'உளறினார்' என்று திருத்திவிடுவார்கள். சொற்கள் புரியாத வண்ணம் கரகரத்துப் பாடுவதற்குப் பேர்பெற்ற ஒருவரைப் பொறுத்தவரை அந்தத் திருத்தமும் முற்றிலும் தவறாகாது என்பது வேறு.

வார்தல் அப்படி வழக்கிறந்துவிடவில்லை. நாள்தோறும் காலையில் தலை வாருகிறோம். சீப்பு மேலிருந்து கீழாக இறங்கும்போது ஒரு மயிரை மட்டும் தொடுவதில்லை. அதன் பாதையில் உள்ள அனைத்தையும் தொட்டுக்கொண்டே இறங்குகிறது. கம்பிகளின் மேல் பிளெக்ட்ரம் செய்வதும் இதுவே. கூந்தலுக்கும் நரம்புக்கும் ஒரே வினையைத் தமிழ் இருமுறை, உளர்தலிலும் வார்தலிலும், பயன்படுத்தியிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எனவே 'கம்பிகளை வாருதல்', 'வாரல்' என்பனவே 'ஸ்ட்ரம்' என்பதற்கு நான் முன்மொழியும் சொற்கள். மாணவர்கள் இப்போது டவுன் ஸ்ட்ரோக், அப் ஸ்ட்ரோக் என்று சொல்பவை கீழ்வாரல், மேல்வாரல் என்றாகும். ராமோன்ஸ் குழுவின் ஜானி ராமோன் எவ்வளவு விரைவான பாடலையும் கீழ்வாரலாலேயே வாசித்தார் என்றோ, ஜமைக்காவின் ரெகே இசையில் தாளத்தின் இடைவெளியில் விழும் குறுகிய வாரலைத் தி கிளாஷ் தன் முதல் தொகுப்பிலேயே எடுத்தாண்டது என்றோ எழுதும்போது இந்தச் சொற்களின் தேவை விளங்கும்.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். யாழில் பல சுரங்கள் ஒரே வேளையில் ஒலிக்கும் 'கார்டு' என்ற கூட்டொலி கிடையாது. ஆகவே பழைய வார்தலும் இன்றைய வாரலும் ஒன்றல்ல. உண்மைதான். கைவீச்சு ஒத்திருக்கிறது, விளையும் ஒலி வேறு. பழஞ்சொல்லைப் புதுப் பொருளுக்கு நீட்டுகிறோம் என்ற அறிவோடு நீட்டினால் அதில் குற்றமில்லை. கம்பிவழிச் செய்திக்குத் 'தந்தி' என்று நரம்பின் பெயரை நீட்டிய மொழி இது. 'காலை வாருதல்' என்ற வழக்கு நினைவுக்கு வந்து சிலர் சிரிப்பார்கள் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் வாரல் தொழிற்சொல் மட்டுமே. பெயரில் உள்ள வசை அதில் இல்லை. அதற்குப் பேச்சுத் தமிழிடம் போக வேண்டும். கிதார் வாங்கிய புதிதில் ஓயாமல் அதில் ஓசை எழுப்பிக்கொண்டிருக்கும் பையனைப் பார்த்து வீட்டார் என்ன சொல்வார்கள்? 'எந்நேரமும் அதைப் போட்டுப் பிறாண்டிக்கொண்டிருக்கிறான்' என்பார்கள். பூனை நகத்தால் செய்யும் அந்தச் செயலின் பெயரில் தேர்ச்சியின்மை, இரைச்சல், எரிச்சல் மூன்றும் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் 'ஸ்ட்ரம்' என்றபோது உணர்த்தியதும் இவற்றையே. பழந்தமிழில் இசைக்கலைஞரைக் கருவியால் பெயரிட்டனர். துடி கொட்டுபவன் துடியன். கையின் குறையால் தன்னைப் பெயரிட்டுக்கொள்வது வேறு வகை. அவ்வகைப் பட்டப்பெயர்களை நம் ஊர்கள் இகர ஈற்றில் அமைக்கும் முறைப்படி பார்த்தால், ஜோ ஸ்ட்ரம்மர் 'பிறாண்டி ஜோ' ஆவார். இயற்பெயர்களையும் புனைபெயர்களையும் மொழிபெயர்த்து அச்சிட வேண்டும் என்பதன்று என் கருத்து. பெயரின் சுவையை அடிக்குறிப்பு இல்லாமல் உணர்த்த இது உதவும் என்பதே.

அந்தப் பிறாண்டலின் தடயம் அவர் கருவியிலும் உடலிலும் இருந்தது. 1966இல் செய்யப்பட்ட அவருடைய ஃபெண்டர் டெலிகாஸ்டர் கறுப்பு வண்ணம் பூசப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பூச்சு உரிந்து மரம் வெளித்தெரிந்தது. வலக்கையின் மணிக்கட்டும் முன்கையும் கம்பிகளில் உராய்ந்து புண்ணாகாதிருக்க அவற்றில் ஒட்டுத்துணி சுற்றிக்கொண்டு மேடையேறுவார். தி கிளாஷின் பாடல்களில் பெரும்பாலும் சொற்கள் இவருடையவை, இசையமைப்பு ஜோன்ஸுடையது. நுணுக்கமான கிதார்ப் பகுதிகளையும் ஜோன்ஸே வாசித்தார். ஸ்ட்ரம்மரின் இடைவிடாத வாரல் அடியில் தளமாக ஓட, அதன்மேல் ஜோன்ஸின் கிதார் நடந்தது. 1977இல் வந்த முதல் தொகுப்பு முதல், 1979 டிசம்பரில் பிரிட்டனில் வெளிவந்த 'லண்டன் காலிங்' இரட்டைத் தொகுப்பு ஊடாக, 1982இன் 'காம்பாட் ராக்' வரை இந்த அமைப்பு தொடர்ந்தது. 1983இல் ஜோன்ஸ் நீக்கப்பட்டார். தளம் இருந்தது, மேலே நடந்த ஜோன்ஸின் கிதார் இல்லை. 1986க்குள் குழு கலைந்தது. பிறகு நீண்ட இடைவெளி. சில திரைப்படங்களுக்கு இசை, சிலவற்றில் நடிப்பு. 1999 முதல் மெஸ்கலெரோஸ் என்ற புதிய குழு.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்பதை விளக்கமின்றி ஒரு வாக்கியத்தில் இட்டுப் பார்த்தே அறிய வேண்டும். இட்டுப் பார்க்கிறேன்: 2002 நவம்பர் 15 அன்று லண்டனின் ஆக்டன் நகர மண்டபத்தில், தீயணைப்புத் தொழிலாளர் சங்கத்துக்கு நிதி திரட்டுவதற்காக மெஸ்கலெரோஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, பார்வையாளராக வந்திருந்த மிக் ஜோன்ஸ் மேடையேறி ஒரு கிதாரை மாட்டிக்கொள்ள, ஐந்து வாரங்களில் இதயக் கோளாற்றால் இறக்கவிருந்த ஸ்ட்ரம்மர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் அருகில் நின்று ஆறு கம்பிகளையும் ஒருசேர வாரினார்.