சப்டைட்டிலில் தொலைந்த குதிரை

2014 தொடக்கத்தில் பிபிசி நேரலையில் சீனப் புத்தாண்டுச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அது குதிரை ஆண்டு. திரையின் அடியில் வந்த ஆங்கில சப்டைட்டிலோ, 'விலைமாதர் ஆண்டுக்கு நல்வரவு' என்றது.

சிரித்து முடித்துவிட்டு அந்த வரியை மறுபடி பார்த்தால் ஒன்று தெரியும். அதில் எழுத்துப் பிழையே இல்லை. அவசரமாகத் தட்டச்சு செய்பவர் என்றால் ஓர் எழுத்தை விழுங்குவார், அல்லது இடம் மாற்றி அடிப்பார். ஒரு சொல்லைச் சுத்தமான ஸ்பெல்லிங்கோடு எழுதி, சம்பந்தமில்லாத இடத்தில் உட்கார வைப்பது, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளின் கைவரிசை.

வேடிக்கை என்னவென்றால், இந்த முறையில் அந்த மென்பொருள் செய்தி வாசிப்பவரின் குரலைக் கேட்பதே இல்லை. நடுவில் ரீஸ்பீக்கர் என்று ஒருவர் இருக்கிறார். ஹெட்ஃபோனில் கேட்பதை உடனுக்குடன் திருப்பிச் சொல்வது அவர் வேலை. உணர்ச்சியில்லாத தட்டைக் குரலில், 'கமா', 'ஃபுல் ஸ்டாப்' எல்லாவற்றையும் வாயாலேயே சொல்ல வேண்டும். மென்பொருள் அவர் குரலுக்கு மட்டும் பழக்கப்பட்டது. கைதட்டல், தெரு இரைச்சல், இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்துவது எதுவும் அதன் காதுக்கு எட்டாது. காதில் ஒரு வாக்கியம், வாயில் முந்தைய வாக்கியம், கண்ணில் அதற்கும் முந்தையது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறாவிட்டால் தலை சுற்றிவிடும்.

சரி, குதிரை எப்படித் தொலைந்தது? ஆங்கிலத்தில் குதிரைக்கான 'horse', விலைமாதருக்கான 'whores' என்ற இரண்டு சொற்களையும் பிரிப்பது கிட்டத்தட்ட கடைசி ஒலி மட்டும்தான். ஒன்றில் பாம்பு சீறும் ஸ், மற்றதில் வண்டு ரீங்கரிக்கும் ஸ். (தமிழில் வேறுபடுத்தி எழுதக்கூட எழுத்தில்லை.) தொண்டையில் விரல் வைத்து இரண்டையும் சொல்லிப் பாருங்கள். நாக்கு இருக்கும் இடம் மாறாது. வண்டு ஒலிக்கு மட்டும் தொண்டை அதிரும். ஒலிக்கு எந்தச் சொல் பொருந்துகிறது, பக்கத்துச் சொற்களோடு எது அடிக்கடி சேர்ந்து வருகிறது என்று கணக்குப் போட்டுத்தான் மென்பொருள் முடிவெடுக்கிறது. குதிரை ஆண்டோ 12 வருடத்துக்கு ஒருமுறை வருவது.

இன்னொரு பிரபலமான பிரிட்டிஷ் பிழை, எலிசபெத் ராணியின் தாயாருக்கான அஞ்சலியில் நடந்தது. 'சைலன்ஸ்' என்பது 'வயலன்ஸ்' ஆகி, ஒரு கண வன்முறை அனுசரிக்கச் சொன்னது சப்டைட்டில். இதற்குப் பேச்சைக் கேட்கும் மென்பொருள்கூடத் தேவையில்லை, விரலே போதும். நேரலை சப்டைட்டிலுக்குப் பயன்படும் ஸ்டெனோ (சுருக்கெழுத்து) கருவியில் 22 விசைகள்தான். ஹார்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பதுபோல, ஒரு அசையின் ஒலிகளை ஒரே அழுத்தில் அடிக்க வேண்டும். வி ஒலிக்குத் தனி விசை கிடையாது. எஸ்ஸையும் ஆரையும் சேர்த்து அழுத்தினால் அது வி. சைலன்ஸுக்காக இடது சுண்டுவிரல் எஸ்ஸில் இறங்கும்போது, சும்மா இருக்கும் ஆள்காட்டி விரல் அடியிலுள்ள ஆரில் கொஞ்சம் பட்டாலே மௌனம் போய் வன்முறை வந்துவிடும்.

பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், நேரலை சப்டைட்டிலை அளக்கப் பயன்படுத்திய முறையில் எல்லாப் பிழைக்கும் ஒரே தண்டனை இல்லை. சின்னதுக்குக் கால் மதிப்பெண் குறையும், நடுத்தரத்துக்கு அரை, மோசமானதுக்கு முழுசாக ஒன்று. மோசமானது என்றால் அசிங்கமானது அல்ல. பிழை என்றே தெரியாமல், நம்பும்படி வேறு அர்த்தம் தருவது. விலைமாதர் ஆண்டைப் பார்த்ததும், காது கேளாதவருக்கும் ஏதோ குளறுபடி என்று புரிந்துவிடும். ஆனால் 'ஃபிஃப்டீன்' என்பது 'ஃபிஃப்டி' ஆகி, விபத்தில் இறந்தவர்கள் 15 பேர் என்பது 50 பேர் ஆனால், அவர் அதை அப்படியே நம்பி அடுத்த வரிக்குப் போய்விடுவார். அதை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதும் இல்லை.