கொல்லையில் கட்டிய நீச்சல் குளத்தை மழைக்காலத்தில் காலி செய்யாதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில், கும்பகோணத்தை அடுத்து அரசலாற்றங்கரையில் உள்ள ஒரு வீட்டிலிருந்து அவசரமாக அழைப்பு வந்தது. கொல்லையில் நீச்சல் குளம் கட்டி முடித்து ஐந்து மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. தண்ணீர் பச்சையாகிவிட்டதால், தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகள் வருவதற்குள் தேய்த்துக் கழுவிவிடலாம் என்று எண்ணி, வீட்டுக்காரர் மோட்டார் வைத்துத் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டார். அன்றிரவு பிடித்த அடைமழை மூன்று நாள் விடவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, ஆழமான பக்கத்தில் குளத்தின் விளிம்பு சுற்றியிருந்த தளத்தைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றது. இடையில் திறந்திருந்த பிளவுக்குள் என் கை மணிக்கட்டு வரை நுழைந்தது; உள்ளே குளிர்ந்த சேறு. தண்ணீரை வடிகட்டும் பில்டருக்குப் போகும் பி.வி.சி. குழாய் முறிந்து கிடந்தது. கொத்தனார் சிமென்ட்டில் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டுக்காரர் கோபத்தில் இருந்தார். கான்கிரீட்டில் ஒரு குறையும் இல்லை. குளம் மிதந்திருந்தது.

டெல்டா மாவட்டங்களில் வீடுகளும் நீச்சல் குளங்களும் கட்டித்தரும் பொறியாளனாக, புதிதாகக் குளம் கட்டும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: காலியான குளத்தை நிலத்தடி நீர் தூக்கிவிடும். 7 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் ஆழம் கொண்ட ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். சுவரும் தரையும் 20 சென்டிமீட்டர் கனத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் என்றால், தொட்டியின் எடை ஏறத்தாழ 30 டன். நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறி வரும்போது அது இதே தொட்டியை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 46 டன். விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை உள்ளே நிற்கும் 32 டன் தண்ணீர்தான் அதை மண்ணோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டால், நிலத்தடி நீர் தரைக்கு இரண்டடி கீழே இருக்கும்போதே தொட்டி தன் எடையை இழந்துவிடும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அங்குலமும் அதைத் தூக்கும். சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பு சற்றே துணை நிற்கும் என்றாலும், நனைந்த களிமண்ணை நம்பி யாரும் குளத்தைக் காலி செய்யக் கூடாது. பைபர் கிளாஸ் தொட்டிகள் இன்னும் எடை குறைந்தவை. அவை இதற்கு முன்பே கிளம்பிவிடும்.

மழை இல்லாத மாதம்தானே என்று நினைப்பதும் நம் பகுதியில் பொருந்தாது. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, கல்லணை வழியாக ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் தண்ணீர் வந்து, வயல்களில் கட்டி நிற்கத் தொடங்கியதும், கொல்லைக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறுவதை நம் வீட்டுப் பெரியவர்கள் ஆண்டுதோறும் பார்த்தவர்கள். அதன் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை சேர்கிறது. நம் கோயில் குளங்கள் இந்த ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகும்படி வெட்டப்பட்டவை; கும்பகோணம் மகாமகக் குளத்துக்குள்ளேயே கிணறுகள் இருக்கின்றன. கொல்லையில் நாம் கட்டும் குளமோ நான்கு பக்கமும் அடியும் அடைத்த ஒரு பெட்டி. ஊற்று நீர் உள்ளே வர வழியில்லாததால்தான் பெட்டியையே தூக்குகிறது.

இதற்குச் செலவு குறைந்த ஒரு பாதுகாப்பு உண்டு. குளம் தோண்டும்போதே, தொட்டியின் அடிமட்டத்துக்கும் ஓரடி கீழே வரை இறங்குமாறு ஒரு நான்கு அங்குலக் குழாயை வெளிப்பக்கம் நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியில் துளைகள் இட்டு, வடிகட்டும் துணி சுற்றி, சுற்றிலும் ஜல்லி நிரப்ப வேண்டும். மேலே ஒரு மூடி போதும். நூலில் ஒரு நட்டைக் கட்டி உள்ளே இறக்கினால், நூல் நனைந்த இடம் நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று காட்டிவிடும். அது தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே குளத்தைக் காலி செய்ய வேண்டும். பெரும்பாலும் அதற்குரிய காலம் பங்குனியும் சித்திரையும்தான். அடியில் நீரின் அழுத்தம் மிகும்போது திறந்து அதைக் குளத்துக்குள் விடும்படி அடித்தளத்தில் பொருத்தும் ஹைட்ரோஸ்டேடிக் வால்வும் உதவும், ஆனால் களிமண் அடைத்துக்கொண்டால் அது வேலை செய்யாது. ஆகையால் அதை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனமில்லை. மழையில் குளம் நிரம்பி வழிந்தால் பில்டரின் கழிவுக் குழாய் வழியாக ஆறு அங்குலம் குறைத்தால் போதுமானது.

இத்தனைக்கும், அந்த வீட்டில் குளத்தைக் காலி செய்ய வேண்டிய தேவையே இருக்கவில்லை. பச்சையான தண்ணீரை இருந்த இடத்திலேயே மீட்க முடியும். மேலே சொன்ன அளவுள்ள குளத்துக்கு, 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் என்னும் குளோரின் பவுடர் ஏறத்தாழ அரைக் கிலோவை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, வெயில் இறங்கிய பின் ஊற்றி, பம்பை இரவு பகலாக ஓட்டி, சுவர்களைத் தேய்த்து, பில்டரை அடிக்கடி பின்னோட்டமாக, அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டிக் கழுவினால், பெரும்பாலும் சில நாட்களில் தண்ணீர் தெளிந்துவிடும். பகலில் ஊற்றினால் வெயில் குளோரினை விரைவிலேயே சிதைத்துவிடும். குளோரின் அளவு ஒன்றிலிருந்து மூன்று பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரையும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.8 வரையும் இருக்குமாறு டெஸ்ட் கிட் வைத்து வாரம் இரண்டு முறையாவது பார்த்து வந்தால், பச்சையாகும் நிலையே வராது. புதுக்குளத்தில் முதல் சில வாரங்களுக்கு சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து கசிந்து பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும். அது 8ஐத் தாண்டினால், எவ்வளவு குளோரின் போட்டாலும் அதன் வீரியத்தில் பெரும்பகுதி வீணாகிவிடும். மூக்கைத் துளைக்கும் வாடையை வைத்துக் குளோரின் அதிகம் என்று பலரும் எண்ணுகிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செயலிழந்த குளோரினின் வாடைதான் அது, போட்டது போதவில்லை என்று பொருள்.

போர் தண்ணீரில் இரும்பு இருந்தால், நிரப்பும்போது கண்ணாடி போலத் தெரியும் தண்ணீர் குளோரின் பட்டதும் டீ நிறமாகும். அதைக் கண்டு பதறிக் காலி செய்தவர்களும் உண்டு. வடிகட்டினால் போய்விடும். வாய்க்கால் தண்ணீரை விடாதீர்கள், வயலிலிருந்து வடியும் உரச்சத்து பாசிக்குத் தீனியாகும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். டிரைகுளோர் என்னும் குளோரின் மாத்திரையையும், ப்ளீச்சிங் பவுடர், கால்சியம் ஹைப்போகுளோரைட் போன்ற பவுடர்களையும் ஒரே டப்பாவிலோ, ஒரே குவளையாலோ கையாளவே கூடாது. ஒரு வீட்டில் காவலாளி மாத்திரைத் தூள் ஒட்டியிருந்த ஈரக் குவளையால் பவுடரை அள்ள, அது சீறிப் புகைந்ததை நான் நேரில் கண்டேன். அவர் குவளையை வீசிவிட்டு ஓடியதால் தப்பித்தார். ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் எழும் வாயு உயிரையே பறிக்கும்.

குழந்தைகள் உள்ள வீடு என்றால், தண்ணீர் நிரப்பும் நாளுக்கு முன்பே சுற்றிலும் நான்கடி உயர வேலியும், தானாகச் சாத்தித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் இருந்தாக வேண்டும். நாங்கள் ஆற்றில் குதித்து வளர்ந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில்தான் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். மூழ்கும் குழந்தை கத்தாது, தண்ணீரும் சளசளக்காது. அடுக்களையில் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. விளையாட்டுப் பொம்மைகளைத் தண்ணீரில் மிதக்க விட்டுவிட்டு வராதீர்கள், அவற்றை எடுக்கத்தான் குழந்தை குனிகிறது. மோட்டாருக்கும் விளக்குக்கும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

அரசலாற்றங்கரைக் குளத்தைக் காப்பாற்ற முடியவில்லை. தூக்கிய தொட்டிக்கு அடியில் சேறு புகுந்துவிட்டதால், தண்ணீர் நிரப்பியும் அது பழைய மட்டத்துக்கு இறங்கவில்லை. தை கழிந்து, ஊற்று வற்றிய பிறகு உடைத்து, பங்குனியில் தரையை இருமடங்கு கனத்தில் வார்த்து, பக்கத்தில் குழாய் இறக்கிப் புதிதாகக் கட்டினோம். இப்போது ஒவ்வோர் ஐப்பசியிலும் வீட்டுக்காரர் நூலை இறக்கிப் பார்த்து, நனைந்த அளவை எனக்குத் தொலைபேசியில் சொல்கிறார்.